வீட்டுக்கு வந்த திரைப்படமும் கணக்கில் வராத கூலியும்

செப்டம்பர் 3 அன்று ‘பிளாக் விடோ’ என்னும் ஹாலிவுட் சாகசத் திரைப்படம் இந்திய இல்லங்களுக்கு வந்து சேர்ந்தது. ஆங்கிலத்தோடு இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் ஆகிய மொழிகளிலும் டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டார் தளத்தில் அது வெளியிடப்பட்டது. மகாராஷ்டிரத்தின் திரையரங்குகள் அன்று பூட்டிக் கிடந்தன. அங்கு அவை 2021 அக்டோபர் 22 அன்றுதான் திறக்கப்பட்டன. படம் வெளியாவதற்கு இரண்டு நாள் முன்னதாக, செப்டம்பர் 1 அன்று, அத்தளத்தின் புதிய சந்தா விகிதங்கள் நடைமுறைக்கு வந்திருந்தன. ஆண்டுக்கு 499, 899, 1,499 ரூபாய் என மூன்று படிகள். முன்பு கோடிக்கணக்கானோர் வரிசையில் நின்று சீட்டு வாங்கிப் பார்த்த மாபெரும் சாகசப் படங்கள், சந்தா செலுத்தியவரின் கைபேசிக்குள் அமைதியாக வந்து இறங்கும் காலம் இது.

அமெரிக்காவில் இதே படம் ஜூலை 9 அன்று திரையரங்குகளிலும் டிஸ்னி பிளஸ் தளத்திலும் ஒருசேர வெளியானது. வீட்டிலிருந்து பார்க்க விரும்பியோர் மாதச் சந்தாவுக்கு மேல் 30 டாலர் செலுத்த வேண்டியிருந்தது. முதல் வார இறுதியில் வட அமெரிக்கத் திரையரங்குகளில் 8 கோடி டாலர், பிற நாடுகளின் திரையரங்குகளில் 7.8 கோடி டாலர், வீட்டுத் திரை வழியாக 6 கோடி டாலருக்கும் மேல் என டிஸ்னி நிறுவனம் தானே முன்வந்து அறிவித்தது. வீட்டுத் திரை வருவாயை இப்படிப் பகிரங்கமாகச் சொல்லும் வழக்கம் இந்தத் தொழிலில் இல்லை. முதலீட்டாளர்களை மகிழ்விக்க வெளியிடப்பட்ட அந்த எண்ணே இருபது நாட்களில் நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கின் மையப் பொருளாயிற்று.

படத்தின் நாயகி ஸ்கார்லெட் ஜோஹன்சன் ஜூலை 29 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் டிஸ்னிக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். திரையரங்குகளில் மட்டுமே படம் வெளியாகும் என்ற உறுதியின் பேரில் ஒப்பந்தம் செய்துகொள்ளப்பட்டது. ஊதியத்தின் பெரும்பகுதி திரையரங்கு வசூலைப் பொறுத்தது. அதே நாளில் வீட்டுத் திரையிலும் வெளியிட்டதால் வசூல் குறைந்தது. தளத்தின் சந்தாதாரர்களைப் பெருக்குவதற்காகத் தமது பங்கு பலியிடப்பட்டது என்பதே அவர் வாதம். ஒப்பந்தம் மீறப்படவில்லை என்று டிஸ்னி மறுத்தது. பெருந்தொற்றின் கொடிய விளைவுகளை நடிகை பொருட்படுத்தவில்லை என்று சாடியது. அதுவரை அவர் 2 கோடி டாலர் பெற்றுள்ளார் என்பதையும் தனது அறிக்கையில் சேர்த்து வெளியிட்டது. செப்டம்பர் 30 அன்று இரு தரப்பும் சமரசம் கண்டுவிட்டதாக அறிவித்தன. என்ன விலையில் கண்டன என்பது வெளியிடப்படவில்லை.

இரண்டு கோடி டாலர் பெற்ற நட்சத்திரத்தின் குறைக்காக உழைக்கும் மக்கள் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. எனினும் அந்த வழக்கு வெளிக்கொணர்ந்த உண்மை நட்சத்திரங்களுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்கிவிட இயலாது. திரையரங்கின் வசூல் எண்ணக் கூடியது. சீட்டு விற்கப்படுகிறது, அரங்க உரிமையாளர், விநியோகஸ்தர், தயாரிப்பாளர், அரசின் வரித்துறை எனப் பலர் கையில் அதன் கணக்கு இருக்கிறது. எனவேதான் வசூலின் பேரில் பங்கு கேட்க முடிந்தது. வீட்டுத் திரையில் அப்படி ஒரு சீட்டே இல்லை. ஆண்டுக்கு 899 ரூபாய் செலுத்திய ஒரு குடும்பம் கிரிக்கெட் ஆட்டத்தையும் தொடர்களையும் பல படங்களையும் பார்த்தது. அந்தத் தொகையில் ஒரு படத்தின் பங்கு எவ்வளவு? அதை எத்தனை பேர், எத்தனை முறை பார்த்தனர்? விடை நிறுவனத்தின் கணினியில் மட்டுமே உண்டு. ஜூலைத் தொடக்கத்தில் டிஸ்னி பிளஸ் சந்தாதாரர்கள் 11.6 கோடி, அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கினர் ஹாட்ஸ்டார் வழி வந்தவர்கள். நிறுவனம் சொல்ல விரும்பும் கணக்கு அத்துடன் முடிகிறது. உழைப்பின் பங்கைக் கேட்பதற்கு அடிப்படையான கணக்கே முதலாளியின் இரகசியமாகிவிடுகிறது.

இந்த இரகசியத்தைச் சாத்தியமாக்கியது ஏகபோகம். 2009இல் மார்வெல் நிறுவனத்தை ஏறத்தாழ 400 கோடி டாலருக்கும், 2019இல் ஃபாக்ஸ் நிறுவனத்தின் பெரும்பகுதியை ஏறத்தாழ 7,100 கோடி டாலருக்கும் டிஸ்னி விழுங்கியது. பின்னதோடு ஸ்டார் இந்தியாவும் ஹாட்ஸ்டாரும் அதன் உடைமையாயின. கதாபாத்திரமும் படப்பிடிப்புத் தளமும் வெளியீட்டுத் தளமும் ஒரே கையில். ஒரு பையில் குறையும் வருவாய் மற்றொரு பையில் நிறைகிறது. குறைந்த பையை மட்டும் காட்டித்தான் கூலி பேசப்படுகிறது. படத்தைத் தயாரிப்பவரே திரையரங்குகளையும் கைப்பற்றி வைத்திருக்கலாகாது என்று 1948இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. அதன் வழி வந்த கட்டுப்பாடுகளை நீக்க நியூயார்க் நீதிமன்றம் ஒன்று 2020 ஆகஸ்டில் ஆணையிட்டது. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று ‘வொண்டர் வுமன் 1984’ படத்தைத் திரையரங்கிலும் தனது எச்.பி.ஓ. மேக்ஸ் தளத்திலும் ஒரே நாளில் வெளியிட்ட வார்னர் நிறுவனம், 2021ஆம் ஆண்டுக்கான தனது 17 படங்களையும் அவ்வாறே வெளியிடப் போவதாக முன்னதாகவே அறிவித்துவிட்டது.

நடிகையுடன் சமரசம் ஏற்படுவதற்கு ஆறு நாள் முன்னர், செப்டம்பர் 24 அன்று, மார்வெல் தொடுத்த வழக்குகள் பலரது கவனத்துக்கு வரவில்லை. பிளாக் விடோ என்ற கதாபாத்திரம் 1964இல் ஒரு சித்திரக்கதை இதழில் பிறந்தது. ஸ்டான் லீயுடன் சேர்ந்து அதை எழுத்திலும் கோட்டிலும் உருவாக்கியவர்கள் டான் ரிக்கோ, டான் ஹெக் ஆகியோர். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் தரும் வாய்ப்பைக் கொண்டு அவர்கள் தரப்பினரும் வேறு சில கலைஞர்களின் தரப்பினரும் உரிமையை மீட்கக் கோரினர். அது கூலிக்குச் செய்த வேலை, எனவே என்றென்றும் நிறுவனத்தின் உடைமை என்று அறிவிக்கக் கோரி மார்வெல் நீதிமன்றம் சென்றது. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்கி வரைந்தவரின் கற்பனை 2021 வரையிலான ஐம்பத்தேழு ஆண்டுகளாக மூலதனத்துக்குப் பொன் முட்டையிட்டது. வரைந்தவருக்கு அதில் உரிமை இல்லை என்பதே வாதம்.

மூன்றாவது நிகழ்வு அக்டோபர் 4 அன்று வந்தது. சர்வதேச நாடகமேடைப் பணியாளர் கூட்டமைப்பு என்ற தொழிற்சங்கத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 60,000 திரைத்தொழிலாளர்களிடையே நடந்த வாக்கெடுப்பில் வேலைநிறுத்தத்துக்கு ஒப்புதல் கிடைத்தது. ஒளிப்பதிவு, ஒலி, படத்தொகுப்பு, ஒப்பனை, உடை, தச்சு, மின்விளக்கு எனத் திரைக்குப் பின்னால் நிற்பவர்கள் இவர்கள். பத்தில் ஒன்பது பேர் வாக்களித்தனர். வாக்களித்தோரில் 98 விழுக்காட்டினர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர். 1893இல் தோன்றிய அந்தச் சங்கத்தின் வரலாற்றில் நாடு தழுவிய அளவில் இப்படியொரு ஒப்புதல் இதுவே முதல் முறை. உணவு இடைவேளை கூட மறுக்கப்படும் நீண்ட வேலைநேரம், ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் இடையே உறங்கவும் போதாத ஓய்வு, அடிமட்டப் பணிகளுக்கு வாழப் போதாத கூலி ஆகியவை அவர்கள் குறைகள். இவற்றோடு மற்றொன்றும் உண்டு. இணையவழி வெளியீடு எதிர்காலம் புலப்படாத புதுத்தொழிலாக இருந்தபோது, ‘புதிய ஊடகம்’ என்ற பெயரில் குறைந்த கூலிக்குத் தொழிலாளர்கள் இசைந்தனர். இன்று அந்தத் தளங்கள் உலகையே ஆள்கின்றன. பெரும் படங்களுக்கு நிகரான செலவில் எடுக்கப்பட்ட படைப்புகளுக்கும் 2021இல் பழைய சலுகைக் கூலியே தொடர்ந்தது.

பதினோரு நாட்களில் நடந்த இந்த மூன்று நிகழ்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு பாடம் தெளிவாகிறது. நட்சத்திரத்துக்கு வழக்கறிஞர் படை இருந்தது; அவருக்கு ஒரு சமரசம் கிடைத்தது. தனித்தனியே கூலிக்கு வரைந்த ஓவியர்களின் வாரிசுகள் நீதிமன்ற வாசலில் நின்றனர். விளக்குத் தூக்குபவருக்கும் உடை தைப்பவருக்கும் இருக்கும் ஒரே வலிமை சங்கம்.

இதிலிருந்து, படங்கள் வீட்டுக்கு வருவதே தீங்கு என்ற முடிவுக்கு வருவது பிழை. திரையரங்கே இல்லாத சிற்றூர்கள் இந்த நாட்டில் ஏராளம். முதியோர், மாற்றுத்திறனாளிகள், நோயுற்றோர், பன்னடுக்கு வளாகத்தின் சீட்டு விலையைத் தாங்க இயலாத குடும்பங்கள் ஆகியோருக்கு வீட்டுத் திரை ஒரு வாசலைத் திறந்திருக்கிறது. தொழில்நுட்பத்தை வெறுப்பது தொழிலாளி வர்க்கத்தின் மரபு அன்று. அந்தத் தொழில்நுட்பம் மிச்சப்படுத்தும் செலவும் ஈட்டித் தரும் வருவாயும் யாரைச் சேர்கின்றன என்பதே தொழிலாளி வர்க்கம் எழுப்பும் கேள்வி.

இந்தியாவில் அந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. 2020 மார்ச்சில் மூடப்பட்ட திரையரங்குகள் அக்டோபர் 15 முதல் பாதி இருக்கைகளுடன் திறக்க அனுமதி பெற்றன. இரண்டாம் அலையில் பெரும்பாலான மாநிலங்களில் மீண்டும் மூடப்பட்டன. சீட்டுக் கிழிப்பவர், படம் ஓட்டுபவர், துப்புரவுப் பணியாளர், வாகனக் காப்பகத்தில் நிற்பவர் ஆகியோருக்கு வீட்டிலிருந்து பணியாற்றும் வசதி கிடையாது. மறுபுறம், ஹாலிவுட் சாகசப் படங்களின் காட்சி வித்தைகளில் பெரும் பங்கு மும்பை, ஐதராபாத், பெங்களூரு, சென்னை நகரங்களின் கணினிக் கூடங்களில் செய்யப்படுகிறது. ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள். ஒவ்வொன்றிலும் உருவத்தைப் பின்னணியிலிருந்து கோடு கோடாகப் பிரித்தெடுக்கும் சலிப்பூட்டும் வேலை இங்குள்ள இளைஞர்களுடையது. வெளியீட்டு நாள் நெருங்கினால் இரவும் பகலாகும். அவர்களுக்கு ஹாலிவுட் தொழிலாளர்களுக்கு இருப்பது போன்ற சங்கமும் இல்லை. கூட்டு ஒப்பந்தமும் இல்லை.

இத்தகைய வேளையில் மோடி அரசு செய்திருப்பது என்ன? திரைத்தொழிலாளர்களுக்கும் திரையரங்குத் தொழிலாளர்களுக்கும் என்றே 1981இல் இயற்றப்பட்ட பணி முறைப்படுத்தல் சட்டமும் சேமநல நிதிச் சட்டமும், 2020 செப்டம்பரில் நிறைவேற்றப்பட்ட தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் கரைக்கப்பட்டுவிட்டன. மாநிலங்களவையை எதிர்க்கட்சிகள் புறக்கணித்திருந்த நாளில் அவசர அவசரமாக அவை நிறைவேற்றப்பட்டதை நாடு மறக்கவில்லை. புதிய தொகுப்பில் இணையத் தொடர்களும் அசைவூட்டப் படங்களும் ‘ஒலி-ஒளிப் படைப்பு’ என்ற வரையறைக்குள் வந்துள்ளன என்பது உண்மை. அந்த அளவில் அது வரவேற்கத்தக்கதே. ஆனால் யார் வரை பாதுகாப்பு என்பதைத் தீர்மானிக்கும் ஊதிய வரம்பை அறிவிக்கும் அதிகாரம் ஒன்றிய அரசின் கையில் விடப்பட்டுள்ளது. 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து தொழிலாளர் இருந்தாலே ஒரு திரையரங்கில் வருங்கால வைப்பு நிதி இருந்தது. புதிய தொகுப்பு வகுத்துள்ள பொது வரம்போ இருபது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பதினான்கு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் எந்தத் தொழிலிலும் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்று தொழிலுறவுத் தொகுப்பு விலங்கிடுகிறது. அமெரிக்கத் திரைத்தொழிலாளர்கள் எந்த ஆயுதத்தைக் கையில் எடுத்தார்களோ, அதையே இந்தியத் தொழிலாளர்களிடமிருந்து பறிப்பதற்கு முயற்சி நடக்கிறது.

இணையத் தளங்களைப் பற்றி ஒன்றிய அரசு கவலைப்படவே இல்லை என்று கூற முடியாது. 2021 பிப்ரவரி 25 அன்று அறிவிக்கப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகள், அத்தளங்களில் மக்கள் எதைப் பார்க்கலாம் என்பதைக் கண்காணிக்க மூன்றடுக்கு ஏற்பாட்டை வகுத்துள்ளன. அந்த மூன்று அடுக்குகளில் எதிலும், அந்தப் படைப்புகளை உருவாக்கியவர்களுக்குக் கூலி சேர்ந்ததா என்று கேட்க ஓர் இடம் இல்லை. அரசின் கண் கதையின் மேல் இருக்கிறது. கணக்கின் மேல் இல்லை.

ஆகவே சில கோரிக்கைகள் உடனடித் தேவையாகின்றன. ஒரு படைப்பை எத்தனை பேர் பார்த்தனர், அதன் வழி எவ்வளவு வருவாய் வந்தது என்பதை அதில் பணியாற்றியோரின் சங்கங்களுக்குத் தெரிவிக்கும் கடமை இணையத் தளங்களுக்குச் சட்டத்தால் விதிக்கப்பட வேண்டும். வீட்டுத் திரைக்கான படைப்புகளில் கூலியும் வேலைநேரமும் திரையரங்குப் படங்களுக்குக் குறையாதிருக்க வேண்டும். காட்சி வித்தைக் கூடங்களின் ஊழியர்கள் ஊதிய வரம்பின் பெயரால் விலக்கப்படலாகாது. திரையரங்குகளில் ஐவர் என்ற பழைய வரம்பு விதிகளில் வெளிப்படையாக இடம்பெற வேண்டும். மூடப்பட்ட காலத்தில் வாழ்விழந்த திரையரங்குத் தொழிலாளர்களுக்கு நிவாரணம் வழங்கப்பட வேண்டும். தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் திரும்பப் பெறப்பட வேண்டும்.

‘பிளாக் விடோ’ படத்தின் கதை, பிறர் கட்டளைக்குத் தம் உடலையும் சித்தத்தையும் பறிகொடுத்த பெண்கள் அந்தப் பிடியிலிருந்து விடுபடுவதைச் சொல்கிறது. திரையில் அதை ஒரு சாகச நாயகி இரண்டு மணி நேரத்தில் சாதித்துவிடுகிறாள். படத்தை உருவாக்கிய உழைப்பாளர்களுக்கு அத்தகைய நாயகி எவரும் வரப்போவதில்லை. வேலைநிறுத்தத்தை ஆதரித்த அந்தத் தொழிலாளர்கள் தங்கள் வாக்குச் சீட்டில் அதைத்தான் எழுதினார்கள்.  மும்பையின் படப்பிடிப்புத் தளங்களிலும் சென்னையின் கணினிக் கூடங்களிலும் அவர்களது போராட்டத்தின் எதிரொலி எழட்டும்.