உப்புத்தாளைக் கீழே வையுங்கள்

பழைய கிராமபோன் பெட்டி ஒன்று கைக்குக் கிடைத்தால் நம்மவர் முதலில் தேடுவது உப்புத்தாளைத்தான். வெள்ளை மரம் தெரியுமட்டும் தேய்த்து, மேலே கண்ணாடிபோல் மின்னும் வார்னிஷைப் பூசி, ‘புதியது போல் ஆகிவிட்டது’ என்று மகிழ்கிறோம். இது புதுப்பித்தல் அன்று, அழித்தல் என்பதே என் கருத்து. இதைச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. அந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுப் பரணில் கிடந்த பெட்டி அப்பத்தாவின் மாமனார் வாங்கியது. கைப்பிடியைச் சுற்றிச் சாவி கொடுக்கும் வகை. குழல் வெளியே நீட்டிக்கொண்டிராது; பெட்டிக்குள்ளேயே மறைந்திருக்கும். முன்புறம் இரு சிறு கதவுகள். மூடியின் உட்புறத்தில், குழலின் முன் அமர்ந்து பாட்டுக் கேட்கும் அந்த நாயின் படம், பொன்னிற எழுத்துகளுடன். சென்ற கோடை விடுமுறையில் இரண்டு நாள் தேய்த்தேன். முதல் நாள் மாலைக்குள் நாய் போய்விட்டது. மூன்றாம் நாள் வார்னிஷ் காய்ந்ததும் அப்பத்தாவை அழைத்துக் காட்டினேன். அவருக்குப் பார்வை மங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. மூடியின்மேல் கையை வைத்துத் தடவித் தடவி எதையோ தேடினார். என்றோ பாக்குவெட்டி விழுந்து ஏற்பட்ட பள்ளம் அங்கே இருந்தது. அதை நான் மக்கு வைத்து அடைத்திருந்தேன். “இது நம்ம பொட்டி இல்லையேய்யா” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

‘பெட்டிதானே, பாடுவது உள்ளேயிருக்கும் இயந்திரமல்லவா?’ என்று கேட்பவர் உண்டு. எடிசன் 1877இல் உருளையில் ஒலியைப் பதித்தபோதும், பெர்லினர் 1887இல் தட்டையான தட்டைக் கொண்டுவந்தபோதும் அந்த வாதம் பொருந்தியிருக்கலாம். 1906இல் அமெரிக்காவின் விக்டர் நிறுவனம் ‘விக்ட்ரோலா’ என்னும் பெயரில் குழலைப் பெட்டிக்குள் அடக்கிவிட்டது. அதன்பின் பெட்டியும் இசைக்கருவியின் ஓர் உறுப்பே. முன் கதவுகளைத் திறந்தால் ஓசை பெருகும், சாத்தினால் குறையும். பொருத்துகள் தளர்ந்தால் பாட்டோடு பலகையும் சேர்ந்து அதிரும்.

இனி அந்தப் பழைய மெருகைப் பற்றி. வேதியியல் மாணவனாகிய நான் இதை முன்னரே எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்! அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றின்மேல் பூசப்பட்டது அவலரக்கு. பலாசு, இலந்தை முதலிய மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சி சுரப்பது அரக்கு. அதைத் தூய்மை செய்து பெறுவது அவலரக்கு. நம் நாட்டுக் காடுகளிலிருந்து, குறிப்பாகச் சோட்டா நாகபுரிப் பகுதியிலிருந்து, கப்பலேறி உலகெங்கும் சென்ற சரக்கு அது. மேலே சுழன்ற 78 சுற்று இசைத்தட்டும் அதே அவலரக்கோடு கல்மாவு முதலியவற்றைக் கலந்து அழுத்தியதுதான். கே. பி. சுந்தராம்பாளின் குரலும் எஸ். ஜி. கிட்டப்பாவின் குரலும் நம் வீடுகளுக்கு வந்தது அந்தப் பூச்சியின் புண்ணியத்தில் என்றாலும் தகும்.

அவலரக்கு ஸ்பிரிட்டில் கரையும், டர்பன்டைனில் கரையாது. செய்ய வேண்டிய வேலை அனைத்தும் இந்த ஒரு பண்பில் அடங்கியிருக்கிறது. கண்ணில் படாத மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒற்றிப் பாருங்கள், பிசுபிசுத்தால் அவலரக்கு. பிறகு மெல்லிய துணியில் சிறிது டர்பன்டைனைத் தொட்டு, ஆண்டாண்டாய்ப் படிந்த எண்ணெயையும் புகையையும் துடைக்க வேண்டும். பாதிப் பெட்டிகளுக்கு இதுவே போதும். பாம்புத்தோல்போல் மெருகு வெடித்திருந்தால், ஸ்பிரிட்டில் கரைத்த புது அவலரக்கை மெல்லியதாகப் பூசலாம். பழையது இளகிப் புதியதோடு ஒன்றாகிவிடும். படத்தின் பக்கம் மட்டும் ஸ்பிரிட்டைக் கொண்டுபோகக் கூடாது; பொன்னெழுத்து கையோடு வந்துவிடும்.

பொருத்துகளுக்கு அக்காலத் தச்சர் இட்டது வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும். எனவே கழற்றிச் சீர் செய்து மறுபடியும் ஒட்டலாம். இன்று கடையில் விற்கும் வெள்ளைப் பசையை அங்கே ஊற்றிவிட்டால், அடுத்த முறை மரத்தை உடைத்தாலன்றிப் பொருத்து பிரியாது. நமக்குப் பின் ஒருவர் இதைப் பழுது பார்க்க வருவார் என்ற நினைப்பே இல்லாமல் வேலை செய்கிறோம்.

எல்லாப் பெட்டிகளுக்கும் இது ஒன்றே வழி என்று நான் பிடிவாதம் பிடிக்கவில்லை. உளுத்த பலகையை மாற்றத்தான் வேண்டும். யாரோ எனாமல் பெயின்ட் அடித்து வைத்திருந்தால் அதை எடுக்கத்தான் வேண்டும். மெருகு முற்றும் உதிர்ந்து வெறும் மரமாய் நிற்பதற்குப் புது மெருகு கொடுப்பதும் குற்றமன்று. ஆனால் நிறம் கறுத்துவிட்டது என்பதும், விருந்தினர் முன் பளபளக்கவில்லை என்பதும் நோயல்ல. பளபளப்புத்தான் வேண்டுமென்றால், பித்தளைக் குழலோடு பழைய உருவத்தில் புதிதாகவே செய்து விற்கிறார்கள். அதை வாங்கிக் கூடத்தில் வைத்துக்கொள்ளட்டும். பாட்டன் வீட்டுப் பெட்டியை ஏன் அதுபோல் ஆக்க வேண்டும்?

எங்கள் பெட்டியில் நான் தேய்க்காமல் விட்டது இடப்பக்கப் பலகை ஒன்றே. உப்புத்தாள் தீர்ந்துபோனதால் தப்பியது. பொங்கல் விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதை மட்டும் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு பகல் முழுதும் துடைத்தேன். கருப்பாய்க் கிடந்த பலகையில் செம்பழுப்பு நிறம் தெரிந்தது. கீழ் ஓரத்தில், ஆணியால் கீறியதுபோல் கோணல்மாணலாய் ஓர் ‘அ’வும் தெரிந்தது. அப்பத்தாவின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன்.

“ஒங்கப்பன் கிறுக்குனது” என்றார்.