குட்டி யானை வாங்கப் போகிறீர்களா?

சிவகாசித் தெருக்களில் காலையில் நின்று பாருங்கள். அச்சடித்த தாள் கட்டா? தீப்பெட்டி அட்டையா? பட்டாசுக்கான காகிதக் குழாயா? எல்லாம் குட்டி யானையில்தான் போகிறது. டாட்டா ஏஸ் என்ற அந்த வண்டி 2005-ல் விற்பனைக்கு வந்தது. முக்கால் டன் சுமக்கும். சந்துக்குள்ளும் நுழையும்.

வாடகை கொடுத்துச் சலித்தவர், "பழசாக ஒன்று வாங்கினால் என்ன?" என்று நினைக்கிறார். தப்பில்லை. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. தீபாவளியோ நெருங்குகிறது. அந்த அவசரத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

கையில் 1½ லட்சம் இருந்தால் 1 லட்சத்துக்கே வண்டி பாருங்கள். டயர், பேட்டரி, இன்சூரன்ஸ் எல்லாம் பின்னால் வரும். 8 ஆண்டு தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். 15 ஆண்டு தாண்டினால் அதன் கட்டணமும் ஏறிவிடும்.

புதுப் பெயிண்டு கண்டு மயங்காதீர்கள். (கல்யாணத்துக்கு முந்திய நாள் சுவருக்கு வெள்ளையடிப்பது நமக்குத் தெரியாதா?) சொல்லாமல் காலையிலேயே போங்கள். எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகம்தான். நீலப் புகை விடாமல் வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது, பெரிய செலவு. குனிந்து சேசிசைப் பாருங்கள். துருவா? வெல்டிங் வைத்த தழும்பா? வேண்டாம், வந்துவிடுங்கள். ஒட்டுப் போட்ட ஒயர்களையும் கவனியுங்கள். காகிதமும் அட்டையும் ஏற்றும் ஊரில் ஒரு பொறி போதும்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிப் போனால் 500 ரூபாய் கேட்பாரே என்கிறார்கள். கொடுங்கள்!

பெயரை மாற்றுங்கள்

எல்லாவற்றிலும் பெரிது இதுதான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பழைய சொந்தக்காரர் பெயரிலேயே வண்டி ஓட்டுகிறவர்கள் உண்டு. வண்டி தீப்பிடித்தால்? இன்சூரன்ஸ் உங்கள் பெயருக்கு மாறாவிட்டால், வண்டிக்கான நஷ்டஈட்டை நீங்கள் கேட்க முடியாது. இன்சூரன்சை மாற்ற 14 நாள், ஆர்.சி.யை மாற்ற விண்ணப்பிக்க 30 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது.

"அப்புறம் வருகிறேன்" என்று விற்பவர் இழுத்தடிப்பார். அவரிடம் ஒரு வழக்கைச் சொல்லுங்கள். ஒருவர் தம் காரை 2007-ல் விற்றார். அது பல கை மாறியது. பதிவில் மட்டும் அவர் பெயரே இருந்தது. 2009-ல் அந்தக் கார் மோதி ஒரு சிறுவன் இறந்தான். விற்றவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது! இதைக் கேட்டால் அவரே உங்களுக்கு முன்னால் ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்பார்.

வண்டிமேல் கடன் பாக்கி இருந்தால் ஆர்.சி.யிலேயே தெரியும். கடன் கொடுத்தவரிடம் தடையில்லாக் கடிதம் வாங்கித் தரும்வரை முன்பணத்துக்கு மேல் ஒரு காசு கொடுக்காதீர்கள். "இன்னொரு ஆள் காத்திருக்கிறார்" என்பார் தரகர். காத்திருக்கட்டும். நீங்கள் டீ குடித்துவிட்டு அடுத்த வண்டியைப் பார்க்கப் போங்கள்.