எண்ணெய்க் கறை பட்டால் என்ன?

மாட்டுப் பண்ணை என்றவுடன் நகரத்துத் தோழிகள் பலருக்குப் பசும்புல் வெளியும், அதில் மேயும் பசுவும், மரத்தடியில் புல்லாங்குழலும் நினைவுக்கு வருகின்றன. எங்கள் வீட்டில் புல்லாங்குழல் இல்லை. அதிகாலை நான்கு மணிக்குக் கறவை இயந்திரத்தின் வேக்குவம் பம்பு போடும் 'தடதட' சத்தம்தான் எங்களை எழுப்புகிறது.

எங்கள் ஊர் ஆனைக்குட்டம். அர்ச்சுனா நதியின் குறுக்கே எங்கள் ஊரின் பெயரால் ஓர் அணை இருக்கிறது. விருதுநகர் மக்கள் குடிக்கும் தண்ணீரில் அதற்கும் பங்குண்டு. ஆனாலும் சுற்றிலும் வானம் பார்த்த கரிசல் பூமிதான். இங்கு அடிக்கும் வெயில் பட்டாசு காய வைக்க ஏற்றது. புல் வளர்க்க ஏற்றதல்ல. ஊரில் பலர் பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆலைக்கும் போக, எங்கள் வீட்டார் மட்டும் மாட்டை நம்பியே இருந்துவிட்டார்கள். பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் பாகம் பிரியாமல் ஒன்றாக நடத்தும் பண்ணை இது. கறவையில் மட்டும் 24 மாடுகள். சினை மாடுகளையும் கன்றுகளையும் சேர்த்தால் நாற்பதைத் தாண்டும். அக்காள் தங்கைகளாக நாங்கள் பெண்பிள்ளைகள் நால்வர். நால்வருமே நம் பள்ளியில்தான் படிக்கிறோம். நால்வரும் கூடிப் பேசித்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எங்கள் வீட்டு நாளைச் சொல்லிவிடுகிறோம். நான்கு மணிக்குச் சாணம் அள்ளித் தொழுவத்தைக் கழுவ வேண்டும். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஒவ்வொரு மாட்டின் மடியையும் கழுவித் துணியால் ஒற்ற வேண்டும். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புக் கிண்ணத்தில் பிடித்துத் திரிதிரியாக ஏதும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த மாட்டுக்கு மடி நோய். அதன் பால் தனி. அதற்குப் பிறகுதான் இயந்திரத்தின் நான்கு குவளைகளையும் காம்புகளில் மாட்டுவது. எங்களிடம் இருப்பவை இரண்டு வாளி இயந்திரங்கள்; ஒன்றுக்குப் பன்னிரண்டு மாடுகள். ஐந்தே முக்காலுக்குள் கறந்து, வடிகட்டி, கேனில் ஊற்றி, ஆறு மணிக்குச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். அதன்பின் குழாய், குவளை, வாளி எல்லாவற்றையும் முதலில் வெதுவெதுப்பான நீராலும், பிறகு சோப்புத்தூள் கலந்த சுடுநீராலும், கடைசியில் நல்ல நீராலும் கழுவ வேண்டும். எங்கள் ஆழ்குழாய்க் கிணற்று நீர் உப்புநீர் ஆனதால், வாரம் ஒருமுறை இதற்கென விற்கும் அமிலக் கரைசல் விட்டும் கழுவ வேண்டும். இல்லையேல் சுண்ணாம்பு பூசியதுபோல் பால்கல் படிந்துவிடும். பிறகு சோளத்தட்டையையும் தீவனப் புல்லையும் புல் வெட்டும் மெஷினில் நறுக்கிப் போட வேண்டும். பிற்பகல் மூன்று மணிக்கு மறுபடியும் 'தடதட'. மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது, கிறிஸ்துமஸும் கிடையாது. ஞாயிறு திருப்பலிக்கு நாங்கள் ஏன் எப்போதும் கடைசி வரிசையில் நிற்கிறோம் என்று சிஸ்டர் ஒருமுறை கேட்டார்கள். காரணம் இதுதான், சிஸ்டர்.

இத்தனை வேலையிலும் எண்பது பங்கு பெரியம்மா, அம்மா, சித்தி, அப்பத்தா, நாங்கள் நால்வர் ஆகியோர் செய்வது. ஆனால் பம்பின் எண்ணெய் அளவைப் பார்ப்பது, பெல்ட்டை இறுக்குவது, மெஷின் கத்தியைத் தீட்டுவது, ரப்பர் மாற்றுவது என்னும் வேலைகளை நாங்கள் தொடக்கூடாது. ஸ்பானர், திருப்புளி, கிரீஸ் டப்பா எல்லாம் இருக்கும் தகரப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி பெரியப்பாவின் இடுப்பில். "பொம்பளப் பிள்ளைகளுக்கு எதுக்குத்தா மெஷின் வேலை? கை கறுத்துப் போகும்" என்பார் அவர். பெரியப்பா கெட்டவர் அல்லர். எங்களைப் படிக்க வைப்பவரே அவர்தான். ஆயினும் இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது தவறு என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

இந்த இயந்திரம் வேலை செய்யும் விதத்தைச் சற்றுச் சொன்னால்தான் எங்கள் வழக்கு விளங்கும். பம்பு குழாயிலுள்ள காற்றை உறிஞ்சுகிறது. பாதரச அளவில் ஏறத்தாழ 380 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அதிகமானால் காம்பு புண்ணாகும். குறைந்தால் குவளை நழுவி விழும். ஆனால் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் மாடு தாங்காது. கன்று குடிக்கும்போது பார்த்திருக்கிறீர்களா? இழுக்கும், விடும், இழுக்கும், விடும். அதேபோல் நிமிடத்துக்கு அறுபது தடவை இழுத்து விடச் செய்யும் சிறு கருவிக்குப் பல்சேட்டர் என்று பெயர். உள்ளங்கை அளவுதான், இயந்திரத்தின் உயிர் அதுதான். 1879ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் கறவை இயந்திரம் ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் அன்னா பால்ட்வின். ஆம், ஒரு பெண்மணிதான்! அவருடைய இயந்திரம் விடாமல் உறிஞ்சியதால் மாட்டுக்கு நோவு உண்டாக்கியது, எனவே நிலைக்கவில்லை. இழுத்து விடும் வித்தை ஸ்காட்லாந்தில் பின்னர் வந்தது. 1903இல் ஆஸ்திரேலியாவின் அலெக்சாண்டர் கில்லீஸ் இரட்டைச் சுவர்க் குவளையைச் செய்தார். உள்ளே ரப்பர், வெளியே உலோகம் என்னும் அந்த அமைப்பைத்தான் இன்று நாங்களும் மாட்டுகிறோம்.

கடந்த கார்த்திகையில் நல்ல மழை. ஒரு காலையில் இரண்டு பல்சேட்டர்களும் நின்றுவிட்டன. பம்பு ஓடுகிறது, 'டிக் டிக்' ஓசை மட்டும் இல்லை. மெக்கானிக்குக்குப் பெரியப்பா போன் செய்தார். "நாளைக்கு வாரேன்" என்றார் அவர். மறுநாளும் அதே நாளைதான். கையால் கறக்கத் தெரிந்தவர்கள் அப்பத்தா, பெரியம்மா, அம்மா மூவரே. இயந்திரத்துக்குப் பழகிய மாடுகள் கைபட்டதும் உதைத்தன, பாலை அடக்கிக்கொண்டன. ஐந்தே முக்காலுக்கு முடிய வேண்டிய கறவை ஏழரை வரை இழுத்தது. சங்கத்து வண்டி போய்விட்டது. அந்தப் பாலைத் தேநீர்க் கடைகளுக்குக் கேட்ட விலைக்கு ஊற்றினோம். மூன்றாம் நாள் பெரியம்மாவுக்கு விரல்களை மடக்கவே முடியவில்லை. சோற்றை நாங்கள்தான் ஊட்டினோம்.

அன்று பகலில் ஆண்கள் தீவனம் வாங்க வெளியே போயிருந்தபோது சித்தி ஒரு காரியம் செய்தார். சித்தியின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். சித்தி சிறு வயதில் பங்சர் ஒட்டிப் பழகியவர்; திருமணத்துக்குப் பிறகு அதை யாரும் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. தையல் மெஷினின் சிறு திருப்புளியை எடுத்துப் பல்சேட்டரின் மூடியைக் கழற்றினார். காற்று புகும் ஊசித் துளையில், ஈரத்தில் நனைந்த தவிடும் தூசியும் களிபோல் அடைத்திருந்தன. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் துடைத்து, உலர வைத்து, மாட்டினார். 'டிக் டிக்'! அரை மணி நேர வேலை. அதற்காக மூன்று நாள் பாலும் பெரியம்மாவின் கையும் போயிருந்தன. மாலையில் விஷயம் அறிந்த பெரியப்பா, "கரண்ட் சாமானில் கை வைக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்டார். பல்சேட்டரில் மின்சாரமே இல்லை; அது வெறும் காற்றில் ஓடுவது என்று சித்தி மெல்லச் சொன்னார்.

அந்தத் துணிவில் நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். குவளைக்குள் இருக்கும் ரப்பரை ஏறத்தாழ 2500 கறவைக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்பது பொதுவான விதி. ஓர் இயந்திரத்துக்குப் பன்னிரண்டு மாடுகள், இரண்டு வேளை, ஆக நாளுக்கு 24 கறவை. 2500ஐ 24ஆல் வகுத்தால் 104 நாள். எங்கள் வீட்டில் ரப்பரைக் கிழிந்தால்தான் மாற்றுவார்கள். கடைசியாக மாற்றியது சித்திரையில். கார்த்திகை வரை ஐயாயிரம் கறவை ஆகியிருந்தது! தளர்ந்து வெடித்த ரப்பர் காம்பை நசுக்கும்; வெடிப்புக்குள் கிருமி தங்கும். எங்கள் செவலைக்கு ஐப்பசியில் மடி நோய் வந்து ஒரு காம்பு செத்தே போயிற்று. ஊசி போட்ட நாள்களில் அதன் பால் முழுவதையும் கீழே கொட்டினோம். காரணம் பழைய ரப்பராகவும் இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். ஐந்தாம் வகுப்பு வகுத்தல் கணக்குத்தான். அதைப் போட்டுப் பார்க்க எங்களிடம் யாரும் கேட்கவில்லை, நாங்களும் போடவில்லை.

எங்கள் பிழை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். காலாண்டுத் தேர்வின்போது ஒரு மாலை, ரப்பர் குழாய்களைச் சுடுநீரால் கழுவாமல் பச்சைத் தண்ணீரில் அலசித் தொங்கவிட்டுப் படிக்கப் போய்விட்டோம். மறுநாள் ஒரு கேன் பால் புளித்தது என்று திரும்பி வந்தது. நாங்கள் குற்றமற்றவர்கள் என்று வாதாட வரவில்லை. ஆனால் அந்தப் பிழைக்கு அன்றே அனைவரும் எங்களைக் கேட்டார்கள். ஐயாயிரம் கறவைக்கு யாரையும் யாரும் கேட்கவில்லை.

பழுது பார்ப்பது சிறு வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. சென்னை லயோலா கல்லூரியிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் படித்த வர்கீஸ் குரியன், 1949இல் குஜராத்தின் ஆனந்த் நகருக்கு அரசுப் பாலேட்டுப் பண்ணையில் வேலை செய்ய வந்தார். 1946இல் தொடங்கிய கெய்ரா மாவட்டக் கூட்டுறவுச் சங்கத்தார், தேய்ந்த பழைய இயந்திரங்களோடு அங்கே போராடிக்கொண்டிருந்தார்கள். குரியன் அவர்களுக்கு முதலில் செய்த உதவி அந்த இயந்திரங்களைச் சரிசெய்து கொடுத்ததே. அதன் பிறகுதான் அமுல். 1970இல் 'ஆபரேஷன் பிளட்' என்னும் வெண்மைப் புரட்சித் திட்டம். 1981இல் நம் மாநிலக் கூட்டுறவு இணையமும் ஆவினும். இன்று உலகிலேயே அதிகமாகப் பால் உற்பத்தி செய்யும் நாடு இந்தியா. அந்தப் பாலைக் கறப்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள் என்பதைத் தொழுவத்தில் நின்று பார்த்தவர் எவரும் மறுக்கமாட்டார். சங்கத்து அட்டையில் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு கதை. அதை இன்னொரு மலரில் எழுதுகிறோம்.

பெண்ணுக்கு இயந்திரம் ஆபத்து என்கிறார்கள். எங்கள் வட்டாரத்தில் இதைச் சொல்வது எங்களுக்கு வியப்பாக இருக்கிறது. பட்டாசுக்குத் திரி செருகவும், வெடிக்குத் தாள் சுற்றவும் ஆயிரக்கணக்கான பெண்களைத்தானே காலையில் வேன் வந்து அழைத்துப் போகிறது? வெடிமருந்துக்கு அருகே நம்பி உட்கார வைக்கும் கையில் ஒரு ஸ்பானரைக் கொடுக்கவா தயக்கம்? 2012 செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடி விபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். விதிகளைச் சிறிதென்று விட்டால் என்ன நேரும் என்பதை நம் மாவட்டத்தாருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆயினும் எங்கள் புல் வெட்டும் மெஷினின் சக்கரத்துக்கு மேல் இருக்க வேண்டிய இரும்பு மூடி இரண்டு ஆண்டுகளாகச் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. மூடி இருந்தால் கத்தியைத் தீட்டக் கழற்றி மாட்ட நேரமாகிறதாம்! கத்தி தீட்டுபவர் மாதம் ஒருமுறை வருவார். தினமும் அதன் வாயில் புல்லைத் தள்ளுவது அம்மாவும் நாங்களும். கழற்றவும் மாட்டவும் எங்களுக்குத் தெரிந்திருந்தால் அது ஒருநாள்கூடக் கீழே கிடந்திருக்காது.

மின்சாரம் ஆபத்தானது என்பதை ஒப்புக்கொள்கிறோம். மெயின் சுவிட்சை அணைக்காமல் எதையும் தொடக்கூடாது, தளர்ந்த சேலை முந்தானையோடும் துப்பட்டாவோடும் பெல்ட்டின் அருகே போகக்கூடாது, மும்முனை மின்சாரத்தில் ஒரு முனை போனால் மோட்டாரை ஓடவிடக்கூடாது என்பவற்றை யாராவது எங்களுக்கு உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்க வேண்டாமா? "தொடாதே" என்ற ஒரு சொல்லில் அத்தனையும் முடிந்துவிட்டது. தொடாமலே இருக்க முடியாதே! தினமும் இரண்டு வேளை தொட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்?

ஆகவே பெற்றோரிடமும் அருட்சகோதரிகளிடமும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிக் கைத்தொழில் வகுப்பில் பின்னல், பூவேலை, தையல் எல்லாம் கற்கிறோம். மகிழ்ச்சியே. தையல் மெஷினுக்கு எண்ணெய் விடவும், ஊசி ஒடிந்தால் மாற்றவும் சிஸ்டர் கற்றுத்தந்திருக்கிறார்கள். அதோடு இன்னும் சிறிது சேர்த்து, பியூஸ் போடவும், பெல்ட் தளர்ச்சி பார்க்கவும், நட்டைக் கழற்றி மாட்டவும், எந்த இடத்தில் நாமே நிறுத்திக்கொண்டு மின்பணியாளரை அழைக்க வேண்டும் என்பதை அறியவும் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கக்கூடாதா? பண்ணை இல்லாத வீட்டுத் தோழிகளுக்கும் மிக்ஸியும் மோட்டாரும் இருக்கின்றன.

எங்கள் வீட்டுத் தொழுவச் சுவரில் இப்போது ரப்பர் மாற்ற வேண்டிய நாளைச் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருக்கிறோம். சென்ற தடவை பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் முன்னதாகவே புதிய ரப்பர் வாங்கி வந்து சித்தியிடம் கொடுத்தார். மூடியை அப்பா மாட்டிவிட்டார். தகரப் பெட்டியின் சாவி மட்டும் இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

பள்ளியில் வகுப்பு தொடங்குவதானால், கழற்றிப் பழகப் பழுதான பழைய பல்சேட்டர் ஒன்று எங்கள் வீட்டுப் பரணில் கிடக்கிறது. அதை நாங்கள் கொண்டுவருகிறோம்.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி