முதலில் யார் பார்ப்பது?

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் ஊட்ரம் மருத்துவ வளாகம் நடக்கிற தூரம்தான். வெயிலுக்குப் பயந்தால் சைனாடவுனில் வடகிழக்குப் பாதை ரயில் ஏறி அடுத்த நிலையத்தில் இறங்கிவிடலாம். 2003-ல் ஓடத் தொடங்கிய நாள் முதல் அந்த ரயிலுக்கு ஓட்டுநர் கிடையாது. நாமும் கவலையில்லாமல் போய்வந்துகொண்டிருக்கிறோம். ஆனால் அதே ஊட்ரமில் "உங்கள் கண் படத்தை முதலில் மிஷின்தான் பார்க்கும்" என்று சொன்னால் மட்டும் வயிற்றில் புளியைக் கரைக்கிறது.

இது நம் வீட்டு விவகாரம். சிங்கப்பூரின் 2010 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு சீனர்களிடம் 9.7 விழுக்காடு, மலாய்க்காரர்களிடம் 16.6, இந்தியர்களிடம் 17.2. அரசாங்கம் 2016-ல் நீரிழிவுக்கு எதிராகப் போரே அறிவித்தது. சர்க்கரை விழித்திரையைக் கெடுக்கும்போது வலிக்காது, பார்வையும் உடனே மங்காது. "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டெஸ்ட்டு?" என்று கேட்காத பெரியவர்கள் நம் வீடுகளில் குறைவு. கண் படம் எடுக்கும் கருவியில் முகவாயை வைத்து உட்கார்ந்தால் பளிச்சென்று ஒரு வெளிச்சம். திரையில் ஆரஞ்சு நிற வட்டம். அதில் குண்டூசி முனையளவு சிவப்புப் புள்ளிகளோ மஞ்சள் திட்டுகளோ தெரிந்தால் கோளாறு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

2010-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் பாலிகிளினிக்குகளில் எடுக்கும் இந்தப் படங்கள் இணையம் வழியே ஒரு மையத்துக்குப் போகும். அங்கே பயிற்சி பெற்றவர்கள் உட்கார்ந்து படம் படமாகப் பார்ப்பார்கள். வருவதில் பெரும்பாலானவை நல்ல கண்கள். அலுப்பூட்டும் வேலைதான், ஆனால் கவனம் சிதறக்கூடாத வேலை. இதற்குத் துணையாகச் சிங்கப்பூர் தேசியக் கண் நிலையமும் அதன் ஆய்வுக் கழகமும் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து உருவாக்கியதுதான் 'செலீனா பிளஸ்' மென்பொருள். 494,661 படங்களைக் கொண்டு அதைப் பழக்கியும் சோதித்தும் பார்த்த விவரம் 2017-ல் வெளிவந்தது. எந்தப் படத்தில் நோய், எதில் இல்லை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் மனிதர்கள் என்பதை மறக்கக்கூடாது.

அடுத்து வந்த கணக்குதான் சுவாரஸ்யம். 2020-ல் 'லான்செட் டிஜிட்டல் ஹெல்த்' இதழில் வந்த ஆய்வு மூன்று வழிகளை ஒப்பிட்டது. மனிதர்கள் மட்டும் பார்த்தால் ஒரு நோயாளிக்கு ஆண்டுச் செலவு 77 அமெரிக்க டாலர். மிஷின் மட்டும் பார்த்தால் 66. மிஷின் முதலில் சலித்து, சந்தேகப்பட்டதை மட்டும் மனிதர் பார்த்தால் 62. ஆளே இல்லாத வழிதான் மலிவு என்று நினைப்பவர்கள் இந்த 4 டாலரைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். மிஷின் ஒரு சந்தேகப் பேர்வழி. நோயைத் தவறவிடக்கூடாது என்று பழக்கப்பட்டதால் நல்ல கண்களில் சிலவற்றையும் கோளாறு என்று சொல்லிவிடும். நடுவில் ஆள் இல்லாவிட்டால் அந்தக் கண்களுக்கு உரியவர்கள் எல்லாரும் நேரே கண் நிபுணரிடம்தான் போய் நிற்பார்கள்: ஒரு நாள் லீவு, ஒரு ஃபீஸ், ஒரு வாரத் தூக்கம்.

வேறு இடங்களின் அனுபவமும் இருக்கிறது. இதே வகையான கூகுள் மென்பொருள் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் பயன்பாட்டுக்கு வந்துவிட்டதாக 2019-ல் அறிவித்தார்கள். தாய்லாந்துக் கிராமப்புற மருந்தகங்களிலோ அது தடுமாறியது. அறையில் இருட்டு போதவில்லை, படம் தெளிவில்லை என்று ஐந்தில் ஒரு படத்தைத் திருப்பித் தள்ளியது. படத்தைத் தானே பார்த்துப் புரிந்துகொள்ளத் தெரிந்த நர்ஸ் பக்கத்திலேயே இருந்தும், நோயாளியை வேறொரு நாள் வேறொரு மருந்தகத்துக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. மிஷினைக் குறை சொல்லிப் பயனில்லை. நர்ஸுக்கு அங்கே என்ன அதிகாரம் என்று யாரும் முன்கூட்டியே யோசிக்கவில்லை.

ஆகவே மிஷின் முதலில் பார்ப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. கவலையெல்லாம் அது "சுத்தம்" என்று ஒதுக்கிய படங்களைப் பற்றித்தான், ஏனென்றால் இந்த வழியில் அவற்றை அதற்குப் பிறகு யாரும் பார்ப்பதில்லை. அவற்றில் சிலவற்றை மாதாமாதம் எடுத்து மனிதர் பார்த்தே தீர வேண்டும். இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க மிஷின் சந்தேகப்பட்ட கண்ணையே பார்க்கிறவருக்கு நல்ல கண் எப்படி இருக்கும் என்பதே மறந்துபோகலாம். அவருக்காகவும் இடையிடையே நல்ல கண் படங்களைக் கலந்து தர வேண்டும். படத்தைப் பார்த்தது மிஷினா, ஆளா, தவறினால் பொறுப்பு யார் என்று முடிவுச் சீட்டிலேயே ஒரு வரி அச்சிட்டுக் கொடுக்கலாம், பெரிய செலவில்லை.

இதெல்லாம் திட்டத்தை நடத்துகிறவர்களுக்கு. வாசகர்களுக்கு ஒரு கேள்விதான்: வீட்டில் சர்க்கரை உள்ளவர் கடைசியாகக் கண் படம் எடுத்தது எப்போது? ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இந்த வாரமே பாலிகிளினிக்கில் அப்பாயின்மென்ட் வாங்கிவிடுங்கள்.