கூடாரத்துக்குக் கரை உண்டு, கொட்டகைக்கு இல்லையா?

பங்காரத்திலும் தின்னகராவிலும் சொகுசுக் கூடாரங்கள் எழுந்து, விருந்தினரும் வந்து தங்கத் தொடங்கிவிட்டார்கள். சுஹேலிக்கு 110 அறைகள் கொண்ட நட்சத்திர விடுதி அறிவிக்கப்பட்டிருக்கிறது. அவற்றில் 60 அறைகள் கரையில், 50 அறைகள் தண்ணீருக்குள் தூண் ஊன்றி. லட்சத்தீவின் ஆளில்லாத் தீவுகளை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைக்க நிர்வாகம் முடிவெடுத்தபோதே தீவு மக்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இன்றுவரை நேரான பதில் இல்லை. வேலைவாய்ப்பு வரும், மாலத்தீவுக்குப் போகிற பணம் இங்கே தங்கும் என்ற இரண்டே வாக்கியங்கள் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகின்றன. இந்த முடிவு தவறானது. எடுக்கப்பட்ட முறை அதைவிடத் தவறானது.

மனிதக் குடியிருப்பு இல்லாத ஒரு தீவில் கூடாரம் அடித்து இரண்டு இரவு தங்கிவர ஒருவர் ஆசைப்படுவதில் எந்தக் குற்றமும் இல்லை. மின்விளக்கு மறைக்காத வானத்தையும், பவளத்திட்டில் அலை உடையும் ஓசையையும் நகரத்துப் பிள்ளைகள் ஒருமுறையாவது அறிந்துகொள்வது நல்லதே. பங்காரத்தில் இது முன்பே நடந்திருக்கிறது. 1980களின் இறுதியில் அங்கே தொடங்கிய சிறிய விடுதியில் குளிர்சாதனம் கிடையாது, தொலைக்காட்சி கிடையாது; குடில்கள் மட்டும்தான். அதைத் தேடி உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பிறகு குத்தகைத் தகராறில் அது மூடப்பட்டது. குறைவாகக் கட்டி, குறைவான பேரை வரவேற்று, தீவைத் தீவாகவே விட்டுவைக்க முடியும் என்பதற்கு இதே மண்ணில் சான்று இருந்தது. இப்போது வந்திருப்பவை குளிர்சாதனம் பொருத்திய கூடாரங்கள். சுவர் துணியால் ஆனது என்பதற்காக, அது உண்ணும் மின்சாரமும் அது வெளியேற்றும் கழிவுநீரும் குறைந்துவிடப் போவதில்லை.

ஆனாலும் நம் கோபம் முதன்மையாகக் கூடாரத்தின் மீதானதல்ல. அந்தக் கரையில் யாருக்கு இடம் உண்டு, யாருக்கு இல்லை என்று முடிவு செய்தவர்கள் மீதானது.

2021-இல் என்ன நடந்தது என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தீவுகளின் கரையோரத்தில் மீனவர்கள் போட்டிருந்த கொட்டகைகளை நிர்வாகம் இடித்துத் தள்ளியது. அரசு நிலத்தில் ஆக்கிரமிப்பு, கடலோரப் பாதுகாப்பு விதிமீறல் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். அந்தக் கொட்டகைகள் ஆடம்பரத்துக்குப் போட்டவை அல்ல. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் லட்சத்தீவுக் கடலில் சிறு படகு நிற்காது. படகைக் கரையேற்றி ஓலைக்கூரையின் கீழ் வைத்தால்தான் அடுத்த பருவத்துக்கு அது மிஞ்சும். வலை, கயிறு, தூண்டில் கழி, எந்திரம் எல்லாம் அங்கேதான் இருக்கும். மழை தொடங்கும் தறுவாயில் அந்தக் கூரையைப் பிடுங்குவது ஒரு குடும்பத்தின் ஓராண்டுப் பிழைப்பைப் பிடுங்குவதற்குச் சமம். பெருந்தொற்று ஊரடங்கால் மக்கள் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த ஆண்டில் அதைச் செய்தார்கள்.

அதே ஆண்டில் தலைநகர் கவரத்தியில் கடலிலிருந்து 20 மீட்டருக்குள் இருந்த வீடுகளுக்கும் அறிவிப்பு போனது. கேரள உயர் நீதிமன்றம் தலையிட்டதால் இடிப்பு நின்றது. கவரத்தியின் வரைபடத்தை ஒருமுறை பார்த்தவருக்கும் தெரியும், அந்த ஊரில் கடலை விட்டு விலகிப்போக இடம் கிடையாது என்று. மொத்த லட்சத்தீவின் நிலப்பரப்பே ஏறத்தாழ 32 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி அதில் வாழ்வோர் 64,473 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டியல் பழங்குடியினர்.

அடுத்தது 2022 டிசம்பர் ஆணை. 17 ஆளில்லாத் தீவுகளில் முன்அனுமதி இல்லாமல் யாரும் கால்வைக்கக் கூடாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144-ஆம் பிரிவின் கீழ்த் தடை விதித்தார்கள். அதற்கு எழுதிய காரணத்தை நாம் இன்றும் ஆத்திரமின்றி நினைத்துப் பார்க்க முடியவில்லை. தேங்காய் பறிக்கப் போகும் கூலியாட்கள் அந்தத் தீவுகளில் தற்காலிகக் குடிசை போட்டுத் தங்குகிறார்களாம். அவர்களோடு சட்டவிரோத, தேசவிரோதச் செயல்களில் ஈடுபடுவோரும் கலந்திருக்கக்கூடுமாம். தலைமுறை தலைமுறையாக அந்தத் தென்னந்தோப்புகளுக்குப் போய்வந்தவர்கள் ஒரே ஆணையில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள்.

இந்தத் தீவுகளில் நிரந்தரமாக யாரும் குடியிருக்கவில்லை என்பது உண்மைதான். அதனால் அவை யாருக்கும் சொந்தமில்லாத தரிசு என்று எண்ணுவது அறியாமை. சுஹேலி காலங்காலமாக மீனவர்கள் பருவத்துக்குப் போய்த் தங்கி மீன்பிடித்துக் காயவைக்கும் இடம். தின்னகராவின் தென்னைகளை நட்டுக் காய் பறித்தவர்கள் அகத்தித் தீவினர். லட்சத்தீவின் சூரைமீன் பிடிப்பு பெரும்பாலும் கழியும் தூண்டிலும் கொண்டு நடப்பது. முதலில் பவளத்திட்டு சூழ்ந்த லகூனின் ஆழமில்லாத நீரில் சிறு இரைமீன்களை உயிரோடு பிடிக்க வேண்டும். அவற்றைப் படகின் நீர்த்தொட்டியில் காப்பாற்றிக்கொண்டு வெளிக்கடலுக்குப் போய், சூரைக்கூட்டம் தென்பட்ட இடத்தில் வீசி, மேலே வரும் மீனை ஒவ்வொன்றாகக் கழியால் தூக்க வேண்டும். வேண்டாத மீனை வாரிக் கொல்லாத, கடலின் அடித்தளத்தைச் சுரண்டாத முறை இது. பிடித்த சூரையை அவித்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் மாசி. மாசிக் கருவாட்டை நம் தென்கடலோரத்தாருக்கும் ஈழத் தமிழருக்கும் யாரும் அறிமுகம் செய்யத் தேவையில்லை. இந்தத் தொழில் முழுக்க லகூனையும் அதன் கரையையும் நம்பி நிற்கிறது. இரைமீன் இருக்கும் நீரில் தூண் ஊன்றி அறை கட்டினால், விடியலில் படகு ஒதுங்கும் கரையை விருந்தினருக்கென ஒதுக்கினால், மீனவர் எங்கே போவார்?

ஆக, படகுக்குக் கூரை போட்டால் ஆக்கிரமிப்பு. தேங்காய் பறிப்பவர் குடிசை போட்டால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து. ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் அதே வகைத் தீவுகளில், அதே மணலில், வரிசையாகத் தங்குமிடம் போட்டால் அது வளர்ச்சி. ஒரே கடலோர விதியை மீனவரிடம் ஒரு விதமாகவும் முதலீட்டாளரிடம் வேறு விதமாகவும் படிப்பதற்கு இவர்களுக்கு உரிமை கொடுத்தது யார்? தற்காலிகக் கட்டுமானம் என்பதுதான் 2022-இல் ஐயத்துக்குக் காரணம். கூடாரமும் தற்காலிகக் கட்டுமானம்தானே? தங்குபவர் கொடுக்கும் வாடகையைத் தவிர இரண்டுக்கும் இடையே வேறுபாடாக எதையும் நிர்வாகத்தால் காட்ட முடியாது. உள்ளூர்க்காரர்கள் இதைத்தான் கேட்கிறார்கள். சுற்றுலா வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. தங்கள் கரையில் தாங்கள் கேள்வி கேட்கப்படாமல் நடமாட வேண்டும் என்கிறார்கள்.

மண்ணின் நிலையையாவது பார்த்தார்களா? பங்காரப் பவளத்தீவுக் கூட்டத்தில் பரளி-1 என்ற தீவு இருந்தது. 1968-இல் அதன் பரப்பு 0.032 சதுர கிலோமீட்டர். 2017-இல் வெளிவந்த ஆய்வு அது முற்றிலும் கடலில் கரைந்துவிட்டதைச் சொன்னது. அதே கூட்டத்தில் பரளி-2 ஏறத்தாழ 80 சதவீதத்தையும், தின்னகரா 14 சதவீதத்துக்கு மேலும், பங்காரம் ஏறத்தாழ 10 சதவீதத்தையும் இழந்திருந்தன. ஒரு தீவு மூழ்கி, மற்றவை தேய்ந்துவரும் இடத்தில்தான் கூடார நகரம். கரையைக் காப்பது பவளத்திட்டு. அகத்தி, கட்மத், கவரத்தி மூன்றிலும் 1998-இல் 37 சதவீதமாக இருந்த உயிருள்ள பவளப் பரப்பு, 24 ஆண்டுகளில் 19 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்பம் அடுத்தடுத்துப் பவளங்களை வெளுக்கச் செய்தது. 2024-இல் மறுபடியும் அதே நடந்தது. கடல் சூடாவதைக் கவரத்தியிலிருந்து நிறுத்த முடியாது. வெளுத்துக் கிடக்கும் பவளத்தின் மேல் கழிவுநீரும் படகுத்துறையும் சேராமல் பார்த்துக்கொள்வது மட்டும் நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது.

குடிநீரின் கதை நமக்கு நெருக்கமானது. இந்தத் தீவுகளின் மணலுக்கடியில் உப்புநீருக்கு மேலே மெல்லிய படலமாக நன்னீர் மிதக்கிறது; அதிகம் இறைத்தால் கிணறு உப்பாகும். அதனால்தான் சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 2005-இல் கவரத்தியில், ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தரும் நிலையத்தை நிறுவியது. குடிமக்கள் தாகத்துக்கே அவ்வளவு பாடு. குளியலறைக்கும் சலவைக்கும் நாள்தோறும் நல்ல தண்ணீர் எதிர்பார்க்கும் விருந்தினருக்கு ஆளில்லாத் தீவில் எங்கிருந்து எடுப்பது என்பதைத் தீவு மக்களிடம் விளக்கியிருக்க வேண்டாமா?

இதெல்லாம் முதல் தவறாக இருந்தால் அறியாமை என்று விட்டுவிடலாம். நிர்வாகத்தின் கடந்த சில ஆண்டுகளைப் புரட்டினால் அப்படி நினைக்க முடியவில்லை. 2021 மே மாதத்தில் அரசுப் பால் பண்ணைகளை மூடி மாடுகளை ஏலம் விட உத்தரவிட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளின் மதிய உணவிலிருந்து இறைச்சியை நீக்கினார்கள். அது கொள்கை முடிவு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்தது உண்மை. சட்டத்தில் செல்லுபடியானதால் அது நல்ல முடிவு ஆகிவிடாது. குற்றம் மிகமிகக் குறைவான ஒரு நிலத்துக்கு, விசாரணையின்றி ஓராண்டு வரை காவலில் வைக்கும் சட்டத்தை வரைந்தார்கள். வளர்ச்சியின் பெயரால் எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ள வழிசெய்யும் வரைவும் அதோடு வந்தது. கேரளச் சட்டமன்றமே ஒருமனதாகத் தீர்மானம் போட்டு எதிர்த்தது. தலைமுறைகளாக மக்கள் அனுபவித்துவரும் பண்டாரம் நிலங்களை அரசு நிலம் என்று கையகப்படுத்த முனைந்து, அதுவும் உயர் நீதிமன்றத்தின் வாசலுக்குப் போனது. 2025 ஜூலையில் பித்ராவை முழுமையாகப் பாதுகாப்புத் தேவைக்கு எடுப்பதற்கான அறிவிப்பு வெளியானது. 2011-இல் 271 பேர் வாழ்ந்த, குடியிருப்புள்ள தீவுகளிலேயே மிகச் சிறியது அது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தங்கள் ஊரின் கதி தெரியவேண்டுமா?

கப்பலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கொச்சிக்கும் தீவுகளுக்கும் இடையே ஒரு காலத்தில் ஏழு பயணிகள் கப்பல்கள் ஓடின. அண்மை ஆண்டுகளில் இரண்டே கப்பல்களோடு தள்ளாடிய மாதங்கள் உண்டு. மருத்துவமனைக்குப் போன நோயாளியும் தேர்வுக்குப் போன மாணவரும் பயணச்சீட்டுக் கிடைக்காமல் கொச்சியில் நாள்கணக்கில் காத்துக் கிடந்தார்கள். ஊர்க்காரரை ஊருக்குக் கொண்டுசேர்க்க இயலாத நிர்வாகம், வெளியாரை ஆளில்லாத் தீவுக்குக் கொண்டுபோய்த் தங்கவைப்பதில் இவ்வளவு சுறுசுறுப்பு காட்டுகிறது. எவர் நலனுக்கு முதலிடம் என்று அறிய இதைவிட வேறென்ன வேண்டும்?

1956 நவம்பர் வரை இந்தத் தீவுகள் சென்னை மாநிலத்தோடு இருந்தவை. பிறகு ஒன்றியப் பிரதேசமாயின. சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் இடம். மீதமிருந்த ஒரே வாய்ப்பு பஞ்சாயத்துகள். 2017 இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்ட அவற்றின் பதவிக்காலம் முடிந்த பிறகு உரிய காலத்தில் தேர்தல் நடத்தவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் குழு 2014-லேயே, தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்துகொண்டு, அறிவியல் அடிப்படையிலான தீவு மேலாண்மைத் திட்டத்துக்கு உட்பட்டே வளர்ச்சிப் பணிகள் நடக்க வேண்டும் என்று சொன்னது. கலந்து பேசவேண்டிய அமைப்பையே இல்லாமல் செய்துவிட்டு, எதிர்ப்பே வரவில்லை என்று கணக்குக் காட்டுவது ஆட்சி ஆகாது.

புதிய கூடாரங்களுக்கும் நீருக்கு மேல் கட்டும் அறைகளுக்கும் இனி அனுமதி தரக் கூடாது. மீனவரும் தென்னை விவசாயியும் இந்தத் தீவுகளில் தங்கித் தொழில் செய்யும் உரிமையை மறுபடி உறுதி செய்ய வேண்டும். வருவோர் தங்கலாம்; எத்தனை பேர், எந்த மாதங்களில், எந்தக் கரையில் என்பதை அகத்தியையும் கவரத்தியையும் கேட்டுத் தீர்மானிக்க ஒரு வழி காணப்பட வேண்டும். டெல்லி இதில் இனியும் பார்வையாளராக இருக்கக் கூடாது. லட்சத்தீவுக்குப் பயணம் திட்டமிடும் தமிழ் வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்களுக்கு ஒதுக்கப்படும் கரையில் நேற்றுவரை யார் படகு நின்றது என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்காவிட்டால் அந்தக் கூடாரத்தில் தங்காதீர்கள்.