தூக்கத்துலதானே வருது!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் ஒரு மீட்டிங். அக்காவுக்கு உத்தமபாளையம் பக்கமிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. பெரியப்பா, அத்தை, மாமா எல்லோரும் கூடியிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், எத்தனை பவுன் எதிர்பார்க்கிறார்கள் என்று போய்க்கொண்டிருந்த பேச்சு திடீரென்று என் பக்கம் திரும்பியது.

"இவன் விஷயத்த என்ன செய்யிறது?" என்றார் பெரியப்பா.

"அதப்போயி அவுககிட்ட எதுக்குச் சொல்லிக்கிட்டு? தூக்கத்துலதானே வருது. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார் அத்தை.

அவ்வளவுதான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. காபி வந்தது.

'இவன் விஷயம்' என்றதும் ஏதோ லவ் மேட்டர் என்று நினைத்துவிடாதீர்கள் மக்களே. அந்த அளவுக்கெல்லாம் நமக்குக் கொடுப்பினை இல்லை :-) எனக்கு வலிப்பு நோய் இருக்கிறது. ஊர் பாஷையில் காக்கா வலிப்பு. பகலில் ஒரு தடவைகூட வந்ததில்லை. வந்தது எல்லாமே தூக்கத்தில். என்னோடு மூன்று வருஷமாக பி.காம் படிக்கிற பலருக்கே இது இப்போதுதான் தெரியும். தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு அத்தை மேல் கோபமில்லை. அந்த "தூக்கத்துலதானே" என்ற வார்த்தை மேல்தான் கோபம். ஏழு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆறுதல் மாதிரி இருக்கும், ஆனால் அது ஆறுதல் இல்லை. "நல்லவேளை, மறைக்கத் தோதா இருக்கு" என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

என் வலிப்பை நான் பார்த்ததே இல்லை. எனக்குத் தெரிவதெல்லாம் அடுத்த நாள் காலைதான். நாக்கின் ஓரம் கடிபட்டிருக்கும். தலையணையில் ரத்தக்கறை இருக்கும். யாரோ கட்டையால் அடித்துப் போட்டது போல உடம்பு வலிக்கும். சில நாள் பாய் நனைந்திருக்கும். இது எதுவும் இல்லாவிட்டாலும் அம்மாவின் முகம் காட்டிக்கொடுத்துவிடும். "நேத்து வந்துச்சாம்மா?" என்று கேட்பேன். "ஒண்ணுமில்ல, பல்லு வெளக்கிட்டு வா" என்பார். வந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதல் தடவை வந்தபோது ஒன்பதாவது படித்தேன். லீவுக்கு சின்னமனூர் பக்கம் அப்பத்தா வீட்டில் இருந்தேன். ராத்திரி ஏதோ வந்து பேரனை அமுக்கிவிட்டது என்று முடிவு செய்துவிட்டது அப்பத்தா. வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டது. மந்திரிக்கிறவர் ஒருவரிடம் கூட்டிப்போய் கையில் கயிறு கட்டியது. ஒன்றரை வருஷம் அந்தக் கயிறுதான் எனக்கு வைத்தியம். அம்மனுக்கும் எனக்கும் எந்தப் பிரச்சினையும் இல்லை. சித்திரைத் திருவிழாவுக்கு இப்போதும் அப்பத்தாவோடு போகிறேன். ஆனால் அந்த ஒன்றரை வருஷத்தில் ஒருவர்கூட "டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?" என்று கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? யாரிடமும் சொல்லவே இல்லையே!

பிறகு டாக்டர் விளக்கியது இதுதான். மூளை செல்கள் மின்சாரத்தில் பேசிக்கொள்கின்றன. தூக்கத்தின் சில கட்டங்களில் அவை ஒரே தாளத்தில் இயங்கும். சிலருடைய மூளையில் அந்தத் தாளத்தோடு சேர்ந்து தப்பான மின்னோட்டமும் சட்டென்று பரவிவிடுகிறது. கனவு காண்கிற கட்டத்தில் வருவது குறைவு. ஆகவே கெட்ட கனவும் காரணமில்லை, பேயும் காரணமில்லை. 1924-லேயே ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் என்ற டாக்டர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்துவிட்டார். இன்றைக்கு நாம் எடுக்கிற இ.இ.ஜி அங்கே தொடங்கியதுதான். நூறு வருஷம் தாண்டிவிட்டது. நாம் இன்னும் சாவிக்கொத்தைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்தச் சாவிக்கொத்து விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் நாலு பேர் இரும்பைத் தேடி ஓடுகிறார்கள். கையில் திணிக்கிறார்கள். வலிப்பு நிற்கிறது. "பாத்தீங்களா, இரும்பு குடுத்ததும் நின்னுருச்சு!" நண்பர்களே, பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிஷத்தில் தானாகவே அடங்கிவிடும். ஓடிப்போய் இரும்பு தேடிக் கொண்டுவருவதற்கும் அதே ஒன்றிரண்டு நிமிஷம் ஆகும். இரும்புக்குப் பெயர் கிடைத்துவிடுகிறது! எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறது. எல்லோரும் அசந்து தூங்குகிறார்கள். எனக்கு யார் இரும்பு கொடுத்தது? ஆனாலும் ஒவ்வொரு தடவையும் நின்றிருக்கிறது. இதைவிட வேறு என்ன நிரூபணம் வேண்டும்?

"எல்லாம் சரிப்பா, மறைக்கிறது நம்ம வழக்கம்தானே, காலங்காலமா இருக்கிறதுதானே" என்று மாமா சொன்னார். அப்படியா? திருஞானசம்பந்தர் கதையைப் பாருங்கள். ஏழாம் நூற்றாண்டு. கொல்லி மழவன் என்கிற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் என்ற நோய். நடராஜர் காலடியில் கிடக்கிறானே, அதே பெயர்தான். வலிப்பு நோயை அப்போது அப்படித்தான் சொன்னார்கள். வைத்தியம் எதுவும் பலிக்காமல் போனதும் அந்த அப்பா என்ன செய்தான்? மகளைத் திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலுக்குக் கொண்டுவந்து சுவாமி முன்னால் கிடத்தினான். சம்பந்தர் வந்து என்ன ஏது என்று கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னான். பதிகம் பாடிக் குணமானது என்கிறது பெரியபுராணம். அதை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். நான் பார்ப்பது அந்த அப்பாவைத்தான். அரசன் அவன். மகளை அரண்மனைக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கலாம். ஊர் பார்க்கட்டும், உதவி எங்கிருந்தாவது வரட்டும் என்று வெளியே கொண்டுவந்தான்.

சரி, பழைய கதை வேண்டாம். சட்டத்துக்கு வருவோம். (காமர்ஸ் மாணவன், சட்டம் இல்லாமல் முடியாது.) 1955-ம் வருஷ இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் ஒரு திருத்தம் செய்து, அடிக்கடி வலிப்பு வருகிறவர்களைத் திருமணத் தகுதியில்லாதவர்கள் பட்டியலில், மனநோயோடு சேர்த்து வைத்தார்கள். 1999-ல் இன்னொரு திருத்தம் வந்து 'வலிப்பு' என்ற வார்த்தையை எடுத்தே விட்டது. ஆக, இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகச் சட்டத்தின் கண்ணில் எனக்கும் கல்யாணத்துக்கும் நடுவே எந்தத் தடையும் இல்லை. ஆனால் முக்கியமான விஷயத்தை மறைத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று வழக்குப் போட அதே சட்டத்தின் 12-வது பிரிவில் இன்றும் வழி இருக்கிறது. ஜெயிக்கிறார்களோ இல்லையோ, கோர்ட் வாசல் ஏறத்தான் வேண்டும். நோய் இருப்பது பிரச்சினையில்லை, மறைப்பதுதான் பிரச்சினை என்று சட்டத்துக்கே புரிந்திருக்கிறது. ஆடிட்டிங்கில் நாங்கள் முதலில் படிப்பதும் இதுதான். கடன் இருக்கிற கம்பெனி கெட்ட கம்பெனி இல்லை. கடனைக் கணக்கில் காட்டாத கம்பெனிதான் கெட்ட கம்பெனி.

மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

முதல் வருஷம் விடுதியில் இருந்தேன். "யாருகிட்டயும் மூச்சு விட்றாத" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மாத்திரையை சத்து மாத்திரை டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். செமஸ்டர் சமயம், ரூமில் விடிய விடிய கம்பைண்டு ஸ்டடி. எல்லோரும் முழித்திருக்கும்போது எப்படி மாத்திரை போடுவது? இரண்டு நாள் போடவில்லை. தூக்கமும் இல்லை. வலிப்பைக் கூப்பிட்டு உட்கார வைக்க இந்த இரண்டும் போதும், மாத்திரையை விடுவதும் தூக்கம் கெடுவதும். மூன்றாம் நாள் விடிகாலை நாலு மணிக்குப் படுத்தேன். அப்புறம் நடந்தது தெரியாது. பயந்துபோன நண்பன் ஒருவன், நாக்கைக் கடித்துவிடக் கூடாதே என்று ஸ்பூனை என் வாயில் விட்டிருக்கிறான். முன்பல் பாதி போனது. அவன்மேல் தப்பே இல்லை. நான் சொல்லியிருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த வாரம் அப்பாவைக் கூப்பிட்டு, "நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டு விடுதியைக் காலி செய்யச் சொன்னார்கள். இதுதான் எனக்குப் புரியவில்லை. சொல்லாவிட்டால் "ஏன் மறைச்ச?" சொன்னால் "வெளியே போ." அப்புறம் எவன் சொல்லுவான்?

டிரைவிங் லைசென்ஸும் இதே கதைதான். விண்ணப்பத்தோடு சேர்ந்த படிவம் 1-ல் வலிப்பு உண்டா என்று ஒரு கேள்வி. ஆம், இல்லை, இரண்டே பதில். இங்கிலாந்தில் தூக்கத்தில் மட்டும் வருகிறவர்களுக்கு, ஒரு வருஷம் அப்படியே இருந்தால் கார் லைசென்ஸ் கொடுக்க விதி இருக்கிறது. நாளைக்கே எனக்கு பைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. தூக்கத்தில் மட்டும் வந்துகொண்டிருந்து பிறகு பகலிலும் வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பஸ்ஸில்தான் போகிறேன். ஆனால் உண்மை சொன்னால் கதவைச் சாத்துகிற படிவம் பொய் சொல்லத்தான் பழக்கும்.

இன்னொன்று. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. வலிப்பு நோய் உள்ள பெரியவர்களில் வருஷத்துக்கு ஆயிரத்தில் ஒருவர் போல, வேறு காரணம் எதுவும் இல்லாமல் திடீரென்று இறந்துபோகிறார்கள். பெரும்பாலும் தூக்கத்தில். காலையில் போய்ப் பார்த்தால் குப்புறக் கிடப்பார்கள். வலிப்பு கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு, அதுவும் ராத்திரியில் வருகிறவர்களுக்கு ஆபத்து அதிகம். மாத்திரையை விடாமல் போடுவதும், அதே அறையில் இன்னொருவர் படுத்திருப்பதும் ஆபத்தைக் குறைக்கிறது. யோசித்துப் பாருங்கள். என்னைக் காப்பாற்றக்கூடியது என் பக்கத்துப் பாயில் படுத்திருக்கிறவன். அவனிடம்தான் சொல்லாதே என்கிறார்கள்.

அத்தை பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. வலிப்பு என்று தெரிந்தால் "பொண்ணு எடுக்க மாட்டாய்ங்கெ" என்பது பொய் இல்லை. நான் ஆம்பளை, தைரியமாக எழுதிவிட்டேன். இதே நோய் ஒரு பெண்ணுக்கு இருந்தால் இப்படி எழுத விடுவார்களா என்று தெரியாது. அதனால்தான் ஆம்பளைகளாவது முதலில் வாயைத் திறக்க வேண்டும். ஆனால் அத்தையிடம் ஒரே ஒரு கேள்வி. தூக்கத்தில் வருகிற நோயை ஊருக்கு மறைக்கலாம். கட்டிக்கொண்டவர்களிடம் எப்படி மறைப்பது? புருஷனும் பெண்டாட்டியும் எங்கே தூங்குவார்கள்? மறைத்துக் கல்யாணம் பண்ணி வைத்த பெண் என்ன செய்வாள்? மாத்திரையை ஒளித்து ஒளித்துப் போடுவாள், இல்லையென்றால் விட்டுவிடுவாள். கர்ப்பமானால் சில வலிப்பு மாத்திரைகள் குழந்தையைப் பாதிக்கும், அதற்கு முன்பே டாக்டரிடம் பேசி மாற்ற வேண்டும். மறைத்தவள் யாரிடம் போய்ப் பேசுவாள்?

என் அக்காவுக்கு வலிப்பு இல்லை. தம்பிக்கு இருந்தால் அக்காவுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ வந்துவிடும் என்றும் இல்லை. வலிப்பு உள்ளவர்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் அது கிடையாது. உலகத்தில் சுமார் 5 கோடிப் பேருக்கு இது இருக்கிறது. சரியான சிகிச்சை கிடைத்தால் 70 சதவீதம் பேர் வரை வலிப்பே வராமல் வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பாய்ந்து பாய்ந்து கேட்ச் பிடித்த ஜான்டி ரோட்ஸும் இந்த 5 கோடியில் ஒருவர்தான். வீட்டில் அப்பா சர்க்கரை மாத்திரையை டிவி மேலேயே வைத்திருக்கிறார். என் மாத்திரை மட்டும் ஏன் பீரோவுக்குள் இருக்க வேண்டும்?

வரன் விஷயத்துக்கு வருகிறேன். மீட்டிங் முடிந்து எல்லோரும் போனபிறகு அக்காவிடம் கேட்டேன். "நீயே சொல்லிருடா. இதுக்கு ஓடுற குடும்பம்னா இப்பவே ஓடட்டும்" என்றாள். இந்தப் பதிவைப் படித்துவிட்டுத்தான் போடச் சொன்னாள். வருகிற ஞாயிறு அவர்கள் வீட்டிலிருந்து வருகிறார்கள். காபி வரும்போது நான் சொல்லப்போகிறேன். என்ன நடக்குமோ தெரியாது. அம்மா மூன்று நாளாக என்னோடு சரியாகப் பேசவில்லை.

கடைசியாக, நம்ம வகுப்பு நண்பர்களுக்கு. அடுத்த மாதம் டூர் போகிறோம். ராத்திரி எனக்கு வந்தால் என்னை அமுக்கிப் பிடிக்காதீர்கள். வாயில் ஸ்பூன், துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். இடித்துக்கொள்கிற மாதிரி ஏதாவது இருந்தால் தள்ளி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். மணியைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் மறுபடி வந்தாலோ 108-க்கு அடியுங்கள். நின்றபிறகு பக்கத்திலேயே இருங்கள், கொஞ்ச நேரம் குழம்பித்தான் இருப்பேன்.

சாவிக்கொத்து வேண்டாம். அது வண்டிக்காரன் பையிலேயே இருக்கட்டும். என் பக்கத்தில் படுக்கப்போகிறவன் மட்டும் இந்தக் கடைசிப் பத்திகளை இரண்டு தடவை படித்துவிட்டு வரவும் :-)