டியூபில் உள்ள எச்சரிக்கை யாருக்கு?

பாலியூரிதேன் சீலண்ட் டியூபுகளில் புதிதாக ஒரு வரி ஏறியிருக்கிறது: தொழில்முறையில் பயன்படுத்துமுன் உரிய பயிற்சி கட்டாயம். 0.1 சதவீதத்துக்கு மேல் டைஐசோசயனேட் உள்ள பொருள்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஆகஸ்ட் 24 முதல் விதித்த நிபந்தனை இது. பாலியூரிதேனையே விட்டுவிடலாமா என்று வாசகர்கள் கேட்கிறார்கள்.

எல்லா இடத்திலும் விட வேண்டாம் என்பதே நம் நிலை. படகின் ஹல்லும் டெக்கும் சேரும் இணைப்பு, இனிக் கழற்றவே போவதில்லை என்ற பொருத்தம், இவற்றுக்குப் பாலியூரிதேன் இருக்கட்டும். கிளீட், ஸ்டாஞ்சன் போல ஒருநாள் கழற்ற வேண்டியவற்றுக்கு அது என்றைக்குமே தவறான தேர்வு. கழற்றும்போது ஜெல்கோட்டையும் பெயர்த்துக்கொண்டு வரும். அங்கே பியூட்டைல் டேப் போதும், அல்லது ஐசோசயனேட் இல்லாத எம்எஸ் பாலிமர். தேக்கு டெக் இடுக்குகளுக்குப் பாலிசல்ஃபைடு. ஆனால் அக்ரிலிக், பாலிகார்பனேட் ஜன்னல் பக்கம் பாலிசல்ஃபைடைக் கொண்டுபோகாதீர்கள், விரிசல் விடும். பின்னால் பெயின்ட் அடிக்க வேண்டிய பரப்பில் சிலிக்கான் கூடாது. எதை வைத்தாலும் துளையின் வாயைச் சற்றுச் சரித்துவிட்டு, போல்ட்டை முதல் நாளே முழுக்க இறுக்காமல் விடுங்கள். எல்லாம் பிதுங்கி வெளியே வந்துவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும்?

தேர்வு இவ்வளவுதான். என்னை உறுத்துவது அந்த வரி எழுதப்பட்டிருக்கும் மொழி. பயிற்சிப் பாடங்களை அந்தந்த நாட்டின் ஆட்சிமொழியில் தர வேண்டியது விற்பவர் பொறுப்பு என்று ஐரோப்பிய விதி சொல்கிறது. இங்கே? டியூப் வைட்ஃபீல்ட் கன்டெய்னர் டிப்போ வழியாக வந்தாலும், சென்னைத் துறைமுகத்திலேயே இறங்கினாலும், சில்லறைப் பொதிமேல் இறக்குமதியாளர் பெயர், அளவு, விலை எல்லாம் இருக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டுப் பொட்டல விதிகளின்படி அவை இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால் போதும். தமிழுக்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. விலையைச் சரிபார்க்கக் காட்டும் அக்கறையில் பாதியையாவது நுரையீரலுக்குக் காட்டக் கூடாதா?

கார்ட்ரிட்ஜிலிருந்து எழும் ஆவி குறைவுதான். ஆனால் காயாத சீலண்டை வெறும் விரலால் வழித்துச் சமன் செய்வது நம் கொட்டகைகளில் அன்றாட வழக்கம். தோல் வழியாகவும் ஒவ்வாமை பற்றிக்கொள்ளலாம். மிதவை அறைக்குள் ஊற்றும் இருபாக ஃபோமும் இதே குடும்பம், அதுவும் காற்றோட்டமில்லாத இடத்தில். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைக் கிளப்பும். வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, இரவில் வரும் இருமலை யாரும் சீலண்டோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

சட்டத்துக்கு இது தெரியாததல்ல. பழைய தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களுள் ஐசோசயனேட் நச்சும் ஒன்றாக இருந்தது. போபாலில் கசிந்ததும் ஒரு ஐசோசயனேட்தான். அந்தப் பேரழிவுக்குப் பின், 1987 திருத்தத்தில், ஆபத்தைத் தொழிலாளிக்குச் சொல்லியாக வேண்டும் என்ற பிரிவும் சேர்ந்தது. ஆனால் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய பணியிடப் பாதுகாப்புத் தொகுப்பு, மின்சாரம் பயன்படுத்தும் தொழிற்சாலைக்கான வரம்பை 10 தொழிலாளரிலிருந்து 20 ஆக உயர்த்திவிட்டது. காசிமேட்டிலும் தூத்துக்குடியிலும் நாலைந்து பேர் சேர்ந்து பைபர் படகுக்கு மராமத்து பார்க்கும் கொட்டகை எந்த வரம்புக்குள் வரும்? பழைய கணக்கிலேயே வராதவர்களைப் புதிய கணக்கு இன்னும் தள்ளி நிறுத்துகிறது.

ஆபத்தான வேலை என்று அரசு அறிவித்தால் ஆள் எண்ணிக்கை பாராமல் சட்டம் பொருந்தும் என அதே தொகுப்பில் இடமிருக்கிறது. படகுக் கொட்டகைகளுக்கு அந்த அறிவிக்கை வேண்டும். டியூபில் தமிழ் எச்சரிக்கை வேண்டும். அதுவரை, உரிமையாளர்களே, பாதுகாப்புத் தரவுத் தாளை விற்பனையாளரிடம் கேட்டு வாங்குங்கள். அதைத் தமிழில் வாசித்துக் காட்டிவிட்டு, நைட்ரைல் கையுறை கொடுத்த பிறகே ஆளை வேலைக்கு இறக்குங்கள்.